மாவு வாங்க வந்தவர்

எங்கள் சபையில் பெர்சியாள் அக்காவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் ஏமாந்துதான் போக வேண்டும். அக்கா எதையாவது செய்வார். அதைப் பார்த்து நாமாகப் புரிந்துகொண்டால் உண்டு. எனக்கு எத்தனையோ தடவை கோபமே வந்திருக்கிறது.

அக்காவுக்கு முப்பத்தாறு வயது. பிழைப்புக்கு இட்லி மாவு அரைத்து விற்கிறார். வீட்டின் முன்னறையில் கிரைண்டர், பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. இருபது பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அவருக்குச் சீடர் என்றால் அது நாச்சிமுத்து அண்ணன்தான். அறுபத்தொரு வயது, ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். இரண்டு வருஷமாக அக்காவிடம் வேதம் படிக்கிறார். ஞானஸ்நானம் கேட்டிருந்தார். வாய்க்காலில் வைத்துக் கொடுப்பதாக அக்கா நாளும் குறித்திருந்தார்.

போன மாதம் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது எட்டுப் பேர் உள்ளே புகுந்தார்கள். டோலக்கைக் கிழித்தார்கள். வேதபுத்தகங்களைச் சாக்கடையில் எறிந்தார்கள். தடுக்கப் போன எங்கள் சபைப் பையன் தாவீதுக்குக் கை முறிந்தது. இனி இந்த வீட்டில் கூட்டம் கூடினால் காலையும் முறிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஞாயிறானால் தெருமுனையில் ஆள் நிற்கிறது.

யோசனை சொன்னது நாச்சிமுத்து அண்ணன். ஆளுக்கொரு தூக்குப்போசிப் பாத்திரம் கொண்டு வருவோம், இரண்டு இரண்டு பேராக வருவோம், கேட்டால் மாவு வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிடுவோம் என்றார். கண்டக்டர் மூளை! அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் காலிப் போசியை ஆட்டிக்கொண்டு போய் வந்தோம். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவள் நான், எனக்கு அது ரொம்பவே வசதியாக இருந்தது.

நான்காவது ஞாயிறு. அண்ணன் உள்ளே வந்தபோதே முகம் செத்துக் கிடந்தது. போசியைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஞானஸ்நானத்துலிருந்து என் பேரை எடுத்துடுங்க."

வயதில் சின்னவர் என்றாலும் அவருக்கு அக்கா எப்போதும் 'அம்மா'தான்.

"என்னங்கண்ணா ஆச்சு?"

"முனையில தினகர் நிக்கறானுங்கம்மா. தாவீது கையை முறிச்சானே, அவன். எங்க கண்டக்டரேன்னு கேட்டான். மாவு வாங்கன்னேன்."

"சரிங்க."

"அதோட விட்டானா? ஜெபத்துக்குப் போறதா சொல்றாங்களேன்னான். ஐயோ, எனக்கும் அந்த இயேசுவுக்கும் என்னப்பா சம்பந்தம்னு சொல்லிட்டேனுங்க. சிரிச்சுட்டே சொன்னேன். அவனும் சிரிச்சான்."

துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எங்களில் யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கொஞ்சம் தேறியதும் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. எது வரைக்கும் ஜாக்கிரதை? எங்கிருந்து மறுதலிப்பு?"

அக்கா எழுந்தார். அண்ணனுடைய போசியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். கழுத்து வரை மாவு ஊற்றி, மூடி, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இது எதுக்குங்கம்மா?"

"மாவு வாங்கப் போறேன்னு சொன்னீங்கல்ல? இப்ப அது நெசமாயிருச்சு."

"இன்னொண்ணும் சொன்னேனேங்க..."

"அதுக்கு என்கிட்ட மாவு இல்லீங்கண்ணா."

அண்ணன் போசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்கு நடந்தார். தினகரிடம்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"போக விடறீங்களே அக்கா! அடிச்சே போட்டுருவானுங்க!" கட்டுப் போட்ட கையோடு தாவீது துள்ளினான்.

"முழங்கால் போடு தாவீது. எல்லாரும் போடுங்க."

போட்டோம். பொய் சொல்வானேன், எனக்கு ஜெபம் வரவில்லை. காது தெருவிலேயே இருந்தது. முதலில் பேச்சு கேட்டது. அப்புறம் ஒரு சத்தம், பாத்திரம் உருள்கிற சத்தம். அக்காவின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

அண்ணன் திரும்பி வந்தார். தலையிலிருந்து வேட்டி வரை மாவு. உதடு கிழிந்து ரத்தம். ஒரு காலில் செருப்பில்லை.

"சொல்லிட்டேனுங்கம்மா" என்றார். "தினகரு, மாவு வாங்கினது நெசம், சம்பந்தமில்லேன்னதுதான் பொய், ரெண்டு வருஷமா நான் இயேசுவோட ஆளு, அடுத்த வாரம் ஞானஸ்நானம் எடுக்கறேன்னு சொன்னேன். போசியைப் பிடுங்கித் தலையில கவுத்துட்டான். கன்னத்துல ஒண்ணு விட்டான். எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன், இருன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிருக்கானுங்கம்மா."

"பயமா இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குதுங்க. ஆனா மறுபடி கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தரையில் மாவு சொட்டுவதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

"அடடா! குழாய்ல கழுவிட்டு வந்துடறேன். நீங்க ஆராதனையை ஆரம்பிச்சுடுங்கம்மா."

"குழாய் எதுக்குங்கண்ணா? வாய்க்காலுக்குப் போலாம், வாங்க."

அண்ணன் கண்ணில் வழிந்த மாவைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்களேம்மா?"

"இன்னைக்கே."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "பயமா இருக்கறவங்க இங்கயே இருந்து ஜெபம் பண்ணுங்க. அதுவும் வேலைதான். யாரும் யாரையும் தப்பா நினைக்க வேண்டாம்."

கைக்குழந்தை வைத்திருந்த இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்குச் சேதி போய்விடும் என்று தெரியும். போகட்டும்.

வாசலில் அண்ணன் நின்றார்.

"அம்மா, அந்த முனையைத் தாண்டித்தான் வாய்க்காலுக்குப் போகோணும். இத்தனை பேரு சேர்ந்து எங்க போறீங்கன்னு கேப்பாங்களே. என்னன்னு சொல்றதுங்க?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

"அவங்க கேக்கற வரைக்கும் எதுக்குங்கண்ணா காத்திருக்கோணும்? இங்கிருந்தே பாடிட்டுப் போலாம்."