மணி ஏழு இருபத்தொன்பது

‘நேரம் தவறுகிறவன் மூன்று வகை. எழுந்திருக்காதவன் ஒருவன். எழுந்தும் கிளம்பாதவன் ஒருவன். மூன்றாமவன்...’ என்று என் பெரியப்பா ஒரு கல்யாண வீட்டு மைக்கில் பேசியது காதில் இருக்கிறது. மூன்றாமவன் யாரென்பது மட்டும் நினைவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மேலச்சாத்தனூர் அண்ணன் தம்பிகளைத் தெரிந்துகொண்ட பிறகு, பெரியப்பா மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

மூத்தவர் வீரபத்திரன். எதையும் சொன்னபடி செய்கிறவர். சொன்னதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டார். அடுத்தவர் பூமிநாதன். எல்லாவற்றிலும் சந்தேகம் கேட்பார், எந்தப் பதில் சொன்னாலும் திருப்தியாகிவிடுவார். கடைசி நாகமுத்து. வயது முப்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. இவர்களோடு தங்கை புருஷன் சோலையப்பன். லாரி இடித்ததில் வலது காலுக்குள் இரும்புக் கம்பி வைத்திருப்பவர்.

நாகமுத்துவுக்கு ஆலங்கோட்டை கோட்டைச்சாமியின் மகள் செண்பகவல்லியைப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு இவர்கள் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில். பந்தல் பிரிக்கிறவர்கள்தான் வரவேற்றார்கள். செண்பகவல்லியே வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாள்.

“கல்யாணம் வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் காலையில ஆறுலருந்து ஏழரை. ஏழரை தாண்டுச்சுன்னா நான் மணவறையை விட்டு எந்திரிச்சிருவேன். அப்புறம் நீங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.”

அந்த நிமிஷமே நாகமுத்துவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் தூக்கம் வராதவர்கள் யாருமே கிடையாது. பிரச்சினையே அதுதான்.

முந்தின நாளே வந்து தங்கிக்கொள்ளச் சொன்னார் கோட்டைச்சாமி. வீரபத்திரன் மறுத்துவிட்டார். தாலி கட்டும் முன் பெண் வீட்டில் படுக்கக் கூடாது என்று அவர்கள் குடும்பத்தில் வழக்கம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வேனில் போய்விடுவதாக ஏற்பாடு.

நான் இருபத்திரண்டு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். நாகமுத்துவுக்குக் கல்யாணப் பரிசாக, அங்கே வாங்கிய ரேடியோ அலாரம் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தேன். முள் கிடையாது, எண்தான் காட்டும். பேட்டரியைப் போட்டால் போதும், அந்த நாட்டில் ஒரு பெரிய கோபுரத்திலிருந்து வருகிற அலையைப் பிடித்துத் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். அந்த அலை நம் பக்கம் எட்டாது என்பது விமானத்தில் வரும்போது நினைவிருந்தது, மேலச்சாத்தனூரில் மறந்துபோனது. கையேட்டைத் தமிழில் சுருக்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு நான் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன். பிறகு நடந்ததை அவர்கள் வாயாலேயே கேட்டேன். யாரும் எதையும் மறைக்கவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வீரபத்திரன் தாளைப் பிரித்து வாசித்தார்.

“உலோகப் பொருள், டி.வி., செல்போன் எதுவும் கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கக் கூடாது.”

அண்டா, குண்டான், டிரங்குப் பெட்டி, டி.வி., ஐந்து செல்போன் எல்லாம் பக்கத்து வீட்டு மாரியக்கா வீட்டுக்குப் போயின. சுவர்க் கடிகாரத்திலும் இரும்பு இருக்கிறது என்று பூமிநாதன் கண்டுபிடித்ததால் அதுவும் போனது.

“தாலி?” என்றார் பூமிநாதன்.

“தங்கம் உலோகமில்லடா. அது நகை” என்றார் வீரபத்திரன்.

பிறகு எல்லாரும் சோலையப்பனின் காலைப் பார்த்தார்கள்.

“என்னத்தப் பாக்குறீங்க? இது என் காலு” என்றார் சோலையப்பன்.

“உங்க காலுதான் மச்சான், இல்லேங்கல. உள்ளே இருக்கிறது யாரு கம்பி?” என்றார் பூமிநாதன்.

அரை மணி நேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் சோலையப்பன் வாசற்படியில் படுத்துக்கொள்வது என்றும், வலது கால் மட்டும் தெருவில் இருப்பது என்றும், பாக்கி உடம்பு மரியாதையாக வீட்டுக்குள் இருக்கலாம் என்றும் தீர்மானமானது.

அடுத்த வரி: “ஜன்னல் ஓரத்தில் வைக்கவும்.”

அந்த வீட்டில் ஒரே ஒரு ஜன்னல். அதில் ஆறு இரும்புக் கம்பி. ஜன்னல் ஓரத்தில் வைத்தால் இரும்பு பக்கத்தில் வந்துவிடும்; இரும்பை விட்டு விலகினால் ஜன்னல் தூரமாகிவிடும். கடப்பாரை கொண்டுவந்து ஆறு கம்பியையும் பெயர்த்தார்கள். கம்பியோடு கடப்பாரையையும் மாரியக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். “ஏம்ப்பா, வீட்டையும் தூக்கிட்டு வந்துருங்களேன்” என்றாள் மாரியக்கா. “சுவரு மண்ணுதான் அக்கா, அது இருக்கலாமாம்” என்று பதில் போனது.

இனி பேட்டரி. நல்ல நேரம் பார்க்காமல் அந்த வீட்டில் அடுப்புக்கூடப் பற்றவைக்கமாட்டார்கள்.

“ராகு காலம் இருக்கான்னு பாக்கணும். மணி என்ன?” என்றார் வீரபத்திரன்.

வீட்டில் மணி பார்க்க எதுவுமே இல்லை.

“மணி தெரிஞ்சாத்தான் பேட்டரி போடலாம். பேட்டரி போட்டாத்தான் மணி தெரியும்” என்றார் பூமிநாதன்.

“சரி, போட்டுப் பாப்போம். ராகு காலமா இருந்தா கழட்டிருவோம்” என்றான் நாகமுத்து.

மூத்தவருக்குத் தம்பியின் புத்தி பெருமையாக இருந்தது. நாகமுத்து இரண்டு பேட்டரியையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டான். உலகத்தில் அப்போது மணி காலை பத்து. புது பேட்டரி போட்டால் எந்தக் கடிகாரமும் செய்வதை இதுவும் செய்தது. பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று காட்டியது.

“பூஜ்யத்துல ராகு காலம் கிடையாது” என்றார் வீரபத்திரன், நிம்மதியாக.

“பூஜ்யம்னா என்ன மணிண்ணே?”

“ராத்திரி பன்னெண்டு. ரயில்வே ஸ்டேஷன்ல அப்படித்தான் போடுவான்.”

மூன்று பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். வெயில் பொளந்துகொண்டிருந்தது.

“வெயிலடிக்குதே?” என்றார் பூமிநாதன்.

“அடிக்கட்டும். வெயிலுக்குக் கோபுரத்துலருந்தா அலை வருது? அது பாட்டுக்கு வருது, போகுது. இது ஜெர்மனியிலேயே கேட்டுச் சொல்லுது.”

பூமிநாதன் திருப்தியாகிவிட்டார். எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோபுரப் படம் சிமிட்டிக்கொண்டிருந்தது. அலை தேடுகிறது என்று அர்த்தம். ஏழெட்டு நிமிஷம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் அது அணைந்துபோனது.

“பாத்தீங்களா, கோபுரமே தூங்கப் போயிருச்சு. நம்ம மட்டும் முழிச்சுக்கிட்டுக் கிடக்கோம்” என்றான் நாகமுத்து. அலாரத்தை மூன்று மணிக்கு வைத்துவிட்டுப் பாயை விரித்தார்கள்.

வீரபத்திரனின் மனைவி முத்துராக்கு உள்ளேயிருந்து வந்து பார்த்தாள்.

“இதென்ன கூத்து? பட்டப்பகல்ல படுக்குறீக, சோறு வடிக்க வேணாமா?”

“அர்த்தராத்திரியில என்னத்தா சோறு? பேசாமப் படு.”

அவள் பேசாமல் மாரியக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பாத்திரமெல்லாம் அங்கேதான் இருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு, அதாவது கடிகாரத்தில் மூன்றுக்கு, அலாரம் அடித்தது. நாகமுத்து துள்ளி எழுந்து வேட்டி கட்டினான். வீரபத்திரன் கையைப் பிடித்து உட்காரவைத்து, தாளைக் காட்டினார். “அலாரம் அடித்ததும் மேலே தட்டினால் ஐந்து நிமிஷம் தூங்கலாம்” என்று எழுதியிருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

“தூக்கம் வரலண்ணே.”

“வருதா வரலையான்னு தாள்ல கேக்கல. படு.”

தட்டினார்கள், படுத்தார்கள். மறுபடி அடித்தது. தட்டினார்கள். நான்கு பேருக்கும் ஒவ்வொரு தட்டு என்று நியாயமாகப் பங்கு போட்டு, கடைசித் தட்டுக்குச் சோலையப்பனின் கையை மட்டும் கடிகாரம்வரை இழுத்து, பிறகுதான் எழுந்தார்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது என்பதால் அதை வாழையிலையில் சுற்றி நாகமுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

வேன் டிரைவர் அந்தோணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே, நாளைக்கு விடியக்காலைலன்னுதானே சொன்னீக?”

“நாளைக்கு விடியக்காலைதான் இது” என்றார் வீரபத்திரன்.

அந்தோணி வெளியே எட்டிப் பார்த்தான், நான்கு முகங்களையும் பார்த்தான், கையைக் கழுவினான். அவர்களை அவனுக்குப் பல வருஷமாகத் தெரியும். முத்துராக்கு, “நான் நாளைக்குக் காலையில மாரியக்காவோட வாரேன், நீங்க முன்னாடி போங்க” என்று வழியனுப்பினாள்.

ஆலங்கோட்டையில் இறங்கும்போது பிற்பகல் மூன்றரை. கடிகாரத்தில் ஐந்தரை. கோட்டைச்சாமி பந்தலுக்குக் கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேனைக் கண்டதும் கீற்று கைநழுவியது.

“அடேயப்பா! முந்தின நாளே வந்துட்டீகளா! சம்பந்தி, நான் என்னென்னமோ நினைச்சேன், மன்னிச்சுக்கங்க!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மன்னிப்பெல்லாம் அப்புறம். மணி அஞ்சரை. இன்னும் அரை மணியில முகூர்த்தம். பந்தலே போடல, ஐயரையும் காணோம். என்னங்க இது, பொண்ணு வீட்டுக்காரங்க இப்படியா நேரந்தவறுறது?” என்றார் வீரபத்திரன்.

கோட்டைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் செல்போனைக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். சூரியனையே காட்டினார்.

“அதெல்லாம் உள்ளூர் சமாச்சாரம். இது நேரா கோபுரத்துலருந்து வருது” என்றார் பூமிநாதன்.

இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடிகாரத்தில் ஆறு வந்தது, ஏழு வந்தது. ஏழு இருபதுக்கு வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கிளம்புங்கப்பா. ஏழரை தாண்டுனா கல்யாணம் இல்லேன்னு பொண்ணே சொல்லியிருக்கு. அந்த அசிங்கத்தை இருந்து பாக்கணுமா?”

நாகமுத்து அசையவில்லை. மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. ஏழு இருபத்தைந்துக்குச் செண்பகவல்லி மருதாணி வைத்த கையோடு வெளியே வந்தாள்.

“இங்கேருங்க. என்னைப் புடிச்சிருக்கா, புடிக்கலையா?”

“புடிச்சிருக்கு” என்றான் நாகமுத்து.

“அப்ப நாளைக்குக் காலையில மணவறைக்கு வாங்க.”

“இது ஏழரை காட்டிருச்சுன்னா எப்படிங்க வர்றது?”

“காட்டாட்டி?”

நாகமுத்து அவளைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு இருபத்தொன்பது. முப்பத்தேழு வருஷத்தில் முதல்தடவையாக அவன் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். மூடியைத் திறந்து இரண்டு பேட்டரியையும் உருவிவிட்டான்.

திரை வெறுமையானது. அண்ணன்மார் குனிந்து பார்த்தார்கள்.

“ஒண்ணும் தெரியலையே?” என்றார் பூமிநாதன்.

“ஏழு இருபத்தொம்பது உள்ளேதான் இருக்கு. வெளியே வர வழியில்ல” என்றான் நாகமுத்து.

வீரபத்திரன் திரையைத் துண்டால் துடைத்துப் பார்த்தார். “அப்ப முகூர்த்தம் இன்னும் போகல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் துண்டை மறுபடி விரித்து உட்கார்ந்தார்.

இருட்டியது. சமையல்காரர் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

“காலையில ஏழு இருபத்தொம்பதுக்கு யாராச்சும் சோறு தின்பாங்களா? பலகாரம் போடச் சொல்லுங்க” என்றார் வீரபத்திரன்.

இட்லி அவித்துப் போட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பசித்தது. அப்போதும் ஏழு இருபத்தொன்பதுதான், மறுபடி இட்லி. படுக்கச் சொன்னபோது நால்வரும் சிரித்தார்கள். பொழுது விடிந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, யார் படுப்பார்கள்? ஆக, தாலி கட்டும் முன் பெண் வீட்டில் படுக்கக் கூடாது என்ற வழக்கமும் தவறவில்லை. விடியும்வரை திண்டில் சாய்ந்து சீட்டாடிவிட்டு, வெளுக்கிற நேரத்தில் மூன்றாவது ஈடு இட்லி கேட்டார்கள். கல்யாணத்துக்கு ஆட்டிய மாவு பாதிக்குமேல் காலி.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஊரறிய, முத்துராக்கு பக்கத்தில் நிற்க, நாகமுத்து செண்பகவல்லிக்குத் தாலி கட்டினான். கோட்டைச்சாமி இந்தத் தடவை கண்ணைத் துடைக்கவே இல்லை, அழுதே தீர்த்தார்.

அட்சதை போட்டு முடிந்ததும் வீரபத்திரன் தம்பியின் காதோரம் குனிந்தார்.

“தம்பி, பேட்டரியைப் போடு. நேத்திலருந்து ஒரே மணியில உக்காந்திருக்கோம். இட்லி திகட்டிருச்சு.”

“போட்டா ஏழரை ஆயிரும்ணே. ஏழரை ஆனா இவ எந்திரிச்சிருவா.”

செண்பகவல்லி மாலைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். “தாலி கட்டியாச்சு. இனிமே எந்திரிச்சு எங்கே போகப் போறேன்?”

“அன்னைக்கு இப்படிச் சொல்லலையே” என்றார் பூமிநாதன்.

“சொன்னது சொன்னதுதான்” என்றார் வாசலில் காலை நீட்டிக்கொண்டிருந்த சோலையப்பன்.

நாகமுத்து உள்ளங்கையில் இருந்த இரண்டு பேட்டரியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஒன்றை மேலச்சாத்தனூரிலும் மற்றதை ஆலங்கோட்டையில் மாமனார் வீட்டிலும் வைப்பது என்று முடிவு செய்தான்.