கைண்ட்லிக்குப் பதிலாக

கப்பல் சமையல்காரர் கஸ்பாருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நிலோபருக்கு இருபத்தேழு. தூத்துக்குடியில் மாலை வகுப்பு நடத்தினாள். அவளை அவர் டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று, வினையடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வினையடைத் தொடரை வைக்கும் பாடம். 'அன்பாக' என்று சொல்லும் கைண்ட்லியை அடித்துவிட்டு, 'இன் எ கைண்ட் மேனர்' என்று எழுதினார் கஸ்பார். சரி போட்டாள்.

அவர் முகம் தெளியவில்லை.

"ஒரு சொல்லை எடுத்துட்டு நாலு சொல்லை வைக்கிறோம். அர்த்தம் அதேதான். எதுக்கு டீச்சர் இந்த மெனக்கெடல்?"

நிலோபர் நோட்டை மூடினாள். "அந்தக் கடிதம் எழுதிட்டீங்களா?" என்றாள்.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். பதினோரு வருஷம் அவர் வேலை பார்த்த கப்பலின் கிரேக்க கேப்டன் இறந்துபோயிருந்தார். மகள் எலெனி ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டிருந்தாள்: 'அப்பா வருஷத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பார். கப்பலில் எப்படி இருந்தார்?' அதற்குப் பதில் எழுதத்தான் கஸ்பார் வகுப்பிலேயே சேர்ந்தார்.

மூன்று மாதத்தில் ஒரே வரி. உங்கள் அப்பா என்னிடம் அன்பாக நடந்துகொண்டார். அதிலும் கைண்ட்லி.

"எப்படி அன்பா?"

"ரொம்ப அன்பா."

"எனக்கு அவரைத் தெரியாதே, அண்ணாச்சி. ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்க."

கஸ்பார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எங்கம்மா செத்த சேதி நடுக்கடல்ல வந்துச்சு. கரைக்கு இன்னும் பதினெட்டு நாள். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். கேப்டன் வந்தாரு. வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்தாரு. ஒரு கத்தியை எடுத்தாரு. மூட்டை தீர்ற வரைக்கும் கூட உரிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி. வெங்காயம்தானேன்னு இருந்துட்டோம்."

நிலோபர் பேனாவை நீட்டினாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார் என்பதை ஆங்கிலத்தில் எழுதினார். நிறுத்தினார். பிறகு, 'விதவுட் எ வேர்ட்' என்று சேர்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"டீச்சர், இதுல கைண்ட்லி வரவே இல்லையே. அவரு அன்பானவருன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

நிலோபர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுதே, அண்ணாச்சி."