கம்பெனித் திருகாணி

போடி ஏலக்காய் மண்டி முதலாளி காசிமாயன் பெரிய கம்பெனிக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதோடு கேட்காத நாற்பது புரோகிராம்கள் குடிவந்தன. அழித்தாலும் போகவில்லை. காலையில் தட்டிய எழுத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் திரைக்கு வந்தது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

போன மாதம் வந்து திறந்து பார்த்த கம்பெனி எஞ்சினியர் மறுபடி வந்தார். திறந்ததும் முகம் இறுகியது.

"மெமரி அட்டை ரெண்டில் ஒன்றைக் காணோம். யாரோ திருடியிருக்கிறார்கள். வெளிச்சரக்கு இதில் பொருந்தாது. நல்லவேளை, புதுசு ஒன்று என் பையில் இருக்கிறது."

மண்டியில் தனியாகப் புழங்குகிறவள், கூட்டிப் பெருக்கும் சுருளியம்மாள்தான்.

"நாளையிலருந்து வராத. போலீசுக்குச் சொல்லப்போறேன்" என்றார் காசிமாயன்.

அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "சரிங்க மொதலாளி. எதால தொறந்தேன்னு போலீசு கேட்டா? அருவாமனையாலன்னு சொல்லவா?"

எஞ்சினியர் சிரித்தார். "இது எங்கள் கம்பெனிக்கென்றே செய்த திருகாணி, அம்மா. ஊர் ஸ்குரூடிரைவர் எதுவும் நுழையாது."

"ஆசாரிகிட்ட ஒண்ணு அடிச்சு வாங்கினா?"

"பிரம்மாவாலும் முடியாது! இதற்கான ஸ்குரூடிரைவர் ஜில்லாவுக்கே ஒன்றுதான். என் பையை விட்டு இறங்காது."

"அப்ப அந்தப் பையத் தூக்குற கைதான சார் தொறந்திருக்கணும்?"

காசிமாயன் எஞ்சினியர் பையிலிருந்த புது மெமரியை எடுத்தார். அதன் பல்லிடுக்கில் பச்சைத் தூள். முப்பது வருஷம் ஏலக்காய் முகர்ந்த மூக்கருகே கொண்டுபோனார்.

"நம்ம மண்டிச் சரக்கு" என்றார். "சுருளியம்மா, கதவைச் சாத்து."