எக்கரையாயினும்

“கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். அவர்கள் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்?”

வந்ததும் வராததுமாகக் கேட்டார் அந்துவன்.

பூதியம்மை வேர் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அந்துவன் அந்த நாட்டின் அமைச்சர். பூதியம்மை ஆற்றுக்கு அக்கரையில், மலையடிவாரத்தில் வைத்தியம் பார்ப்பவள். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் மனம் கலங்கும்போதெல்லாம் அவர் ஆற்றைக் கடந்து வந்து அவள் முன்னால் தரையில் உட்காருவார்.

அந்த வருடம் தொண்டை அடைப்பான் நோய் வந்திருந்தது. குழந்தைகளின் தொண்டையில் வெள்ளையாகத் தோல் படரும். பிறகு மூச்சு நிற்கும்.

நகரத்தில் நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள். மலையில் பெரும்பாலும் செத்தார்கள்.

“இரண்டு கரைக்கும் ஒரே சட்டம்தான் போட்டேன், அம்மா. ஒரே மருத்துவச்சாலை, ஒரே மருந்து. யாருக்கும் ஒரு குறை வைக்கவில்லை. இந்த மலைக்காரர்களோ குழந்தைகளைக் காட்டில் ஒளித்து வைக்கிறார்கள்.”

“அதற்கு?”

அந்துவன் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார்.

“ஒளிக்கிற தாய் தகப்பனுக்குச் சிறை. குழந்தைகளைப் படைவீரர்கள் தூக்கி வருவார்கள். மன்னர் எழுதச் சொல்லிவிட்டார். முத்திரை மட்டும் இன்னும் வைக்கவில்லை.”

“ஏன் வைக்கவில்லை?”

“பயமாக இருக்கிறது. வைத்தாலும் பயம், வைக்காவிட்டாலும் பயம்.”

பூதியம்மை கத்தியைக் கீழே வைத்தாள்.

“இரண்டு வீடு தள்ளி ஒரு குழந்தை கிடக்கிறது. ஓலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அவளைக் கொண்டுபோங்கள்.”

“நீங்களே பார்க்கக் கூடாதா?”

“தொண்டைக்குள் கருவி விட்டுத் தோலை எடுக்க வேண்டும். கருவியும் அதற்குப் பழகிய கையும் நகரத்தில்தான் இருக்கின்றன.”

அவர் எழுந்தார்.

“சால்வை, மோதிரம், செருப்பு எல்லாவற்றையும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்” என்றாள்.

*

குழந்தையின் பெயர் கொன்றை. நான்கு வயது. மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது.

அவரைக் கண்டதும் தாய் நஞ்சி குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

“மருத்துவச்சாலைக்கா? மாட்டேன் சாமி. மூத்தவன போன மாசம் அங்கதான் கொண்டுபோனேன்.”

“பார்க்கவில்லையா?”

“பாத்தாங்க. ரெண்டு குப்பி குடுத்தாங்க. ஒண்ணு குடிக்க, ஒண்ணு கழுத்துல பூச. எது எதுன்னு குப்பியில எழுதிக் கட்டியிருந்துச்சாம்.”

நஞ்சி தன் வலது கையைப் பார்த்தாள்.

“நான் மாத்திக் குடுத்துட்டேன்.”



“உனக்கு... படிக்கத் தெரியாதா? மலையில் பள்ளிக்கூடம் இருக்கிறதே. பதினைந்து வருடத்துக்கு முன்னால் கட்டியது.”

“கட்டுனாங்க. நானும் போனேன். ஆத்துல தண்ணி வந்தா வாத்தியார் வரமாட்டாரு. வருசத்துல பாதி நாள் தண்ணிதான்.”

அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் அந்துவன். திறப்பு நாளில் மாலை போட்டுக்கொண்டவரும் அவர்தான். அதை அவர் சொல்லவில்லை.

“குப்பியை நான் படித்துச் சொல்கிறேன். நீ போகச் சொல்லும் வரை கூடவே இருப்பேன். வா, தாயே.”

நஞ்சி நெடுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள்.

*

ஆற்றில் தண்ணீர் மார்பு வரை இருந்தது.

அமைச்சரை இறக்கிவிட்ட படகு திரும்பிப் போயிருந்தது; மாலையில்தான் வரும். கரையில் வேறு எந்தப் படகும் இல்லை.

குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடு ஆற்றில் காலுக்குக் கீழே மணல் நழுவியது. கத்தினால் நஞ்சி பயந்துவிடுவாள் என்று வாயை இறுக மூடிக்கொண்டார். காதருகே அந்த விசில். அது நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு அடியிலும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்.

மருத்துவச்சாலை வாசலில் காவலன் கையை நீட்டினான்.

“ஊர்த்தலைவர் ஓலை?”

“இல்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது.”

“ஓலை வாங்கிட்டு வாங்க. ‘யாராயினும், எக்கரையாயினும், ஊர்த்தலைவர் ஓலையின்றி உள்ளே அனுமதியில்லை.’ சட்டம் அப்படி.”

கூட்டம் நெரிசலாகக் கூடாதென்று பத்து நாளுக்கு முன்னால் அந்துவன் எழுதிச் சேர்த்த வரி அது. ‘யாராயினும், எக்கரையாயினும்’ என்ற சொற்களை எழுதி முடித்தபோது அவருக்கே அவை பிடித்திருந்தன.

நஞ்சியின் பக்கம் திரும்பினார்.

“உங்கள் ஊர்த்தலைவர் எங்கே இருக்கிறார்?”

“மலைக்கு அந்தாண்ட, சாமி. போக ஒரு நாள், வர ஒரு நாள்.”

நகரத்தில் தெருவுக்கொரு தலைவர் இருந்தார்.

தோளில் விசில் நின்றது.

“ஐயா, குழந்தை சாகிறது!” என்று கத்தினார் அவர்.

காவலன் கதவை மறித்து நின்றான். “எனக்கும் பிள்ளைங்க இருக்குங்க. ஓலை இல்லாம விட்டா என் வேலை போயிடும். அமைச்சர் உத்தரவு.”

“நான்தான் அந்துவன்!”

காவலன் ஈர வேட்டியைப் பார்த்தான். வெறுங்காலைப் பார்த்தான். நம்பவில்லை.

“அந்துவன்! அமைச்சர் அந்துவன்! கதவைத் திற!”

குரலை அடையாளம் கண்டு உள்ளேயிருந்து தலைமை மருத்துவர் ஓடி வந்தார்.

கதவு திறந்தது.

*

கொன்றை பிழைத்தாள்.

அந்துவன் மூன்று நாள் அங்கேயே தங்கினார். குப்பிகளைப் படித்துச் சொன்னார். குடிக்கிற மருந்தின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினார். நஞ்சி இரண்டு குப்பிகளையும் கையில் வாங்கி, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான்காம் நாள் ஆற்றைக் கடந்து பூதியம்மையிடம் வந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

“குழந்தை கஞ்சி குடிக்கிறாள், அம்மா. சிறை ஓலையைக் கிழித்து ஆற்றில் போட்டுவிட்டேன். மன்னரிடம் நானே பேசுகிறேன்.”

“நல்லது.”

“இப்போது பயமில்லை.”

பூதியம்மை அவரைப் பார்த்தாள்.

“ஓலை இல்லாமல் கதவு எப்படித் திறந்தது?”

“என் பெயரைச் சொன்னேன்.”

“நாளைக்கு வருகிறவள் யார் பெயரைச் சொல்லுவாள்?”