படத்தில் வராத சுவர்

ரொம்ப நாள் முந்தியும் இல்லை, ரொம்பத் தூரத்திலும் இல்லை. பெயிண்ட் வாசனை இன்னும் போகாத ஒரு வீட்டில் சங்கிலிமுத்து என்று ஒரு போட்டோக்காரர் இருந்தார்.

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அறுபது வயதில் கேமரா பிடிக்கக் கற்றவர். முன்னறைதான் ஸ்டூடியோ. கற்றுக்கொடுத்த நசீமாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

அன்று காலை அவர் போன் போட்டதும் டீச்சர் வந்தாள். வாசலிலேயே கைகூப்பி நின்றார்.

"டீச்சர், என் கேமராவுக்குள்ள எமன் உட்கார்ந்திருக்கான்."

"அவனுக்கு வேற இடமா கிடைக்கலை?"

"சிரிக்காதீங்க. தை மாசத்துலேர்ந்து நான் எடுக்கிற மூஞ்சியெல்லாம் பிண மூஞ்சியா விழுது. மாவு மில்லுத் தாத்தாவை எடுத்தேன். எட்டாம் நாள் போய்ச் சேர்ந்துட்டார்."

"அவருக்கு என்ன வயசு?"

"எண்பத்தொன்பது."

டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"இன்னைக்கு என் மக சுகந்திக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை குவைத்துல இருக்கார். வயிறும் வளையலுமா ஒரு படம் அனுப்பச் சொல்றார். இவளோ அப்பாதான் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ரெண்டு உயிர், டீச்சர். நான் எப்படி..."



டீச்சர் முன்னறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தாள்.

"எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"

"பொங்கலுக்கு. மகளுக்குப் பிடிச்ச கிளிப்பச்சை. ஆனா நீங்க சொன்னதை மீறலை. ஸ்டூலுக்குப் பின்னாடி, படத்துல வர்ற சுவர் வெள்ளைதான். அதைத் தொடவே இல்லை."

"அந்த ஸ்டூல்ல உட்காருங்கண்ணே."

"நானா? படம் எடுத்துடாதீங்க!"

அவள் கேமரா பக்கமே போகவில்லை. ஜன்னலை மட்டும் விரியத் திறந்தாள். வெயில் கிளிப்பச்சை அடித்த எதிர்ச்சுவரில் போய் விழுந்தது.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். உள்ளங்கை, குளத்தில் ஊறிக் கிடந்த கை மாதிரி பாசி நிறத்தில் இருந்தது.

"ஐயோ, எனக்குமா?"

எழுந்து ஓடப் பார்த்தார்.

"அசையாதீங்க."

கொடியில் காய்ந்த இரண்டு வெள்ளை வேட்டிகளை எடுத்து வந்து, எதிர்ச்சுவர் மறைய ஆணிகளில் மாட்டினாள்.

கை பழைய கையாகிவிட்டது.

வேட்டியை விலக்கினாள். பாசி.

மூடினாள். கை.

சங்கிலிமுத்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மகளைக் கூப்பிட்டார்.

சுகந்தி வந்து உட்கார்ந்தாள். முழங்கை வரைக்கும் வளையல். அவர் கேமராவைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே இறக்கிவிட்டார்.

"பச்சை போயிடுச்சு டீச்சர். ஆனா பாருங்க, பிள்ளை முகம் வெளிறித்தான் கிடக்கு. கண்ணுல பயம். எமன் இன்னும் போகலை."

"இப்ப அவளுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"வேட்டி."

"வேட்டிக்கு முன்னாடி?"

திரும்பிப் பார்த்தார். வேட்டி அசையாமல் தொங்கியது. அதற்கு முன்னால் வேறு யாரும் இல்லை, எதுவும் இல்லை.

மெல்ல மகளைப் பார்த்தார். அவள் கண் இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உள்ள இருக்கிற ஆளு என்ன சொல்றான்?"

"வளையல் சத்தம் கேட்டா உதைக்கிறான்பா."

"எங்க, ஆட்டு பார்ப்போம்."

இரண்டு கைகளையும் குலுக்கினாள். "யப்பா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது அவர்தான்.

பட்டனை அழுத்தினார்.

"டீச்சர், வந்து பாருங்களேன்!"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்திருந்தாள்.