மோட்டார் போடப் போன அப்பா

"எங்க ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சுப் போடறாங்க மேடம்" என்றார் நாச்சிமுத்து.

மரகதம் மேசை மேல் படிந்திருந்த மாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உடுமலையில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது அவள் அறை. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காகப் பதினொரு மர்ம நாவல்கள் எழுதியிருந்தாள். எல்லாமே வீட்டுக்குள் நடக்கிற மர்மம். கல்யாண ஃபோட்டோவில் கத்தரித்து எடுக்கப்பட்ட ஆள் யார், பெரியப்பா ஏன் அந்த ஊருக்கு மட்டும் போவதில்லை, நான் உண்மையில் யார். வகுப்பறைகளில் பெஞ்சுக்கு அடியில் கைமாறிக் கைமாறியே கிழிந்துபோன புத்தகங்கள் அவை.

நாச்சிமுத்துவுக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. வயது ஐம்பத்தொன்று. தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்று சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டு வருடத்தில் மூன்று நாவல் எழுதியிருந்தார். மூன்றிலும் ரகசியம் ஒன்றேதான். கதையில் வரும் பெண் அந்த வீட்டில் பிறந்தவள் இல்லை.

மரகதத்திடம் ஒரு வழக்கம் உண்டு. யார் நாவல் எழுதிக்கொண்டு வந்தாலும், பதினைந்து வயதுப் பிள்ளை யாரிடமாவது அதைக் கொடுப்பாள். கூடவே ஒரு பென்சில். ரகசியம் எந்த இடத்தில் பிடிபடுகிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அவ்வளவுதான் விமரிசனம்.

நாச்சிமுத்துவின் முதல் நாவலில் குறி முப்பத்தோராம் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவதில் இருபத்து நாலில். மூன்றாவதில் ஒன்பதாம் பக்கத்திலேயே விழுந்துவிட்டது. கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள மோசமாகிக்கொண்டே போனார் மனுஷர்.

இப்போது நாலாவதோடு வந்திருந்தார்.

"இதையாவது கடைசி வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுங்க. ஒரு வழி சொல்லுங்க."

மரகதம் பழைய மூன்று நாவல்களையும் எடுத்து, குறி விழுந்த பக்கங்களைத் திறந்து வைத்தாள்.

"படிங்ணா. சத்தமா."

முதல் நாவல். மகள் கேட்கிறாள்: 'நான் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தேன்?' அப்பா மோட்டார் போட எழுந்து போகிறார்.

இரண்டாவது. மகள் கேட்கிறாள்: 'அம்மா வயிற்றில் நான் இருந்தபோது எடுத்த ஃபோட்டோ ஒன்றுகூட இல்லையா?' அப்பாவுக்கு மோட்டார் ஞாபகம் வருகிறது.

மூன்றாவது. மகள் கேட்கிறாள்: 'நான் யார் ஜாடை?'

நாச்சிமுத்து அதற்கு மேல் படிக்கவில்லை. எழுதியவருக்குத் தெரியாதா?

"உங்க வீட்டுல தண்ணித் தொட்டி அடிக்கடி நிரம்பி வழியுங்களா அண்ணா?" என்று கேட்டாள் மரகதம்.

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் சொன்னார்.

"எட்டு நாள் கொழந்தையா தூக்கிட்டு வந்தோமுங்க. சங்கவிக்கு இப்பப் பதினஞ்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்ற சம்சாரம் தவறி நாலு வருசமாச்சு. இப்ப அவளும் நானும் மட்டுந்தானுங்க."

"தெரிஞ்சா?"

"போயிருவா."

"எங்க?"

"எங்கயோ. எல்லாக் கதையிலயும் கடைசியில அந்தப் பொண்ணு பைய எடுத்துட்டுப் போயிருதுங்களே."

"அதை எழுதுனது நீங்கதானுங்க."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தெரியாமல் மூக்கைச் சிந்தினார்.

மரகதம் நாலாவது நாவலைக் கட்டினாள். அதன் மேல் சீவாத புதுப் பென்சில் ஒன்றை வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுக்கு வாசகிய நான் தேடப் போறதில்லீங்ணா."

அவருக்குப் புரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். "இது மட்டும் ஆகாதுங் மேடம். எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

"ஆகாதுன்னா விட்டுருங்க. பென்சில் உங்களுக்கே."

அவள் மறுபடியும் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

பத்தொன்பது நாள் அந்தப் பென்சில் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கிரயப் பத்திரம் எழுதும்போது இருந்தது. பாகப்பிரிவினை எழுதும்போது இருந்தது. ஒருநாள் பொழுது போகாமல் அதைச் சீவியும் வைத்தார்.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாவலைச் சங்கவியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"என்னங்கப்பா இது?"

"நான் எழுதுனது. ரகசியம் எங்க தெரியுதோ அங்க ஒரு பெருக்கல் குறி போடோணும்."

"சரிங்கப்பா."

"பொறுமையாப் படி அம்மணி. நான் போயி மோட்டாரப் போட்டுட்டு வந்தர்றேன்."

புதன்கிழமை சாயங்காலம் சங்கவி கட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "படிச்சுட்டேனுங்கப்பா" என்றாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து கட்டைப் பிரித்தார். விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முப்பத்தொன்றைத் தாண்டினார், நூறைத் தாண்டினார். நூற்று நாற்பதாவது பக்கம், கடைசிப் பக்கம்.

ஒரு குறியும் இல்லை.

மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இல்லவே இல்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளும் கைவிட்டுப் போகவில்லை, நாவலும் ஜெயித்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு மாவு மில்லுக்கு ஓடினார்.

"மேடம்! கண்டுபிடிக்கலீங்க! ஒரு எடத்துலயும் கண்டுபிடிக்கல!"

மரகதம் கட்டை வாங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே பழுப்பேறிய ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு சின்னப் பிள்ளையின் குண்டுக் கையெழுத்தில் வகுத்தல் கணக்குகள். ஓரத்தில் 'நா. சங்கவி, ஐந்தாம் வகுப்பு' என்று எழுதியிருந்தது.

"இது என்னங்ணா?"

"அது ஒண்ணுமில்லீங்க. மேல அழுக்காகாம இருக்கட்டும்னு வெச்சிருப்பா. பத்திரம் எழுதறப்பத் தப்பாகித் தாள் கெட்டுப் போகுமுங்களே, பின்பக்கம் சும்மாதான கெடக்குதுன்னு கட்டித் தெச்சு அவளுக்குக் கணக்குப் போடக் குடுப்பேன்."

நாலு கணக்கு முழுசாக முடிந்திருந்தது. ஐந்தாவது கணக்கு பாதியில் நின்றிருந்தது.

மரகதம் தாளைத் திருப்பினாள்.

மறுபக்கம் நாச்சிமுத்துவின் கையெழுத்து. தான செட்டில்மென்ட் பத்திரம். வீட்டைச் சங்கவி பெயருக்கு எழுதி வைக்க அவரே போட்ட வரைவு. எல்லை எழுதும்போது வடக்கும் தெற்கும் மாறிப்போனதால் ஒதுக்கிவிட்டு வேறு தாளில் எழுதியது. பத்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிற கை அது.

'எட்டு நாள் சிசுவாக நாங்கள் சுவீகாரம் எடுத்து, இன்று வரை எங்கள் உயிராக வளர்த்து வரும் எங்கள் மகள் சங்கவிக்கு.'

சுவீகாரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அது மட்டும் புதுப் பென்சில்.

நாச்சிமுத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

ஐந்தாம் வகுப்பு. அஞ்சு வருடம். அந்த அஞ்சு வருடத்தில் ஏதாவது ஒரு நாள் அவள் முகத்தில் தெரிந்திருக்குமா என்று தேடினார். காய்ச்சலில் அவர் மடியில் கிடந்த நாள். அம்மா போன நாள். சாதிச் சான்றிதழுக்கு அவரோடு வரிசையில் நின்று, 'எனக்கு உங்க மூக்குங்கப்பா' என்று சிரித்த நாள். தன் பிறப்பைப் பற்றி அவள் கேட்டதும் அவர் அவசரமாக மோட்டார் போடப் போன நாள்கள் ஒவ்வொன்றும். எதிலும் ஒன்றும் இல்லை. ஒரு சொல், ஒரு பார்வை, ஒரு சுணக்கம்கூட இல்லை.

அவருக்கு மெய் சிலிர்த்தது. தான் பெறாத பிள்ளையின் முன்னால் தான் எவ்வளவு சின்னவன் என்று தோன்றியது. அது அவமானமாக இல்லை. மலையடிவாரத்தில் நின்று மேலே பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஒரு நாளுகூடக் காட்டிக்கலீங்களே" என்றார். "பத்து வயசுப் புள்ளைங்க அப்ப. எப்படிங் மேடம்?"

மரகதம் அந்தத் தாளை மேசையில் வைக்க மனம் வராமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு எழுதிட்டேன். இப்படி ஒண்ணு எனக்கு வராதுங்ணா."

பிறகு சொன்னாள்:

"எப்படி ஒளிக்கறதுன்னு கேட்டு ரெண்டு வருசமா என்ற மாடிப்படி ஏறுனீங்க. உங்க வூட்டுலயே கேட்டிருக்கலாமுங்க."

அவர் வீடு வந்தபோது சங்கவி டியூஷன் முடிந்து வந்து, கேட்டைத் திறந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கையில் அந்தத் தாள் தனியாக இருப்பதைப் பார்த்தாள். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள்.

"யாருகிட்டயும் கேக்கலியா அம்மணி, அன்னைக்கு?"

"அம்மாகிட்டக் கேட்டேனுங்கப்பா."

"அம்மாவுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

"ம். அப்பாவே சொல்லட்டும் சாமி, அவருக்குக் கொஞ்சம் நேரமாகும்னாங்க."

நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். அழுகைதான் வந்தது. அவரை அறியாமல் கால் மோட்டார் ஸ்விட்ச் பக்கம் ஓர் அடி வைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நின்றார். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து, எழுதுகிறவனுக்கே உரிய ஆசை விடாமல் கேட்டார்.

"கதை எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் நல்லா இருந்துச்சுங்கப்பா. கடைசி மட்டும் நம்பற மாதிரியே இல்ல."

"ஏன்?"

"அந்தப் பொண்ணு எதுக்குங்கப்பா போறா?"