அழித்த குட்டி

“ரெண்டு மாசமாச்சு டீச்சர். அந்தப் பிள்ளை பென்சிலையே தொட மாட்டேங்குது.”

வந்ததும் வராததுமாகப் புலம்பியவர் பிச்சையா, கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர். கேட்டுக்கொண்டிருந்தவர் மரியசெல்வி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளைப் படம் வரைய விடுகிறவர். மாஸ்டரின் மகளைவிட இளையவர். ஆனாலும் மாஸ்டர் கூச்சப்படாமல் வாராவாரம் வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு போவார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

“எந்தப் பிள்ளை சார்?”

“இசக்கியம்மா. ரெண்டாங்கிளாஸ். முன்னெல்லாம் பேப்பர் கிடைச்சா விடாது. இப்போ வெள்ளையாவே திருப்பிக் குடுத்துருது. எனக்கு மனசே கேக்கல.”

“கடைசியா என்ன வரைஞ்சா?”

மாஸ்டர் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார்.

ஒரு ஆடு. காலும் கொம்பும் அளவெடுத்த மாதிரி இருந்தன. வயிற்றில் மட்டும் தாள் நைந்து கிடந்தது.

“இங்க என்ன இருந்தது?”

“ஒரு குட்டி. வயித்துக்குள்ள இருக்கிறது வெளிய தெரியுமா? அதான் அழிச்சு, மத்ததையும் சரிபண்ணிக் குடுத்தேன்.”

இருபத்தாறு வருஷ சர்வீஸில், கோணல் கோட்டைக் கண்டு அவர் கை சும்மா இருந்ததே இல்லை.

மரியசெல்வி ஒரு பென்சிலைச் சீவி அவரிடம் கொடுத்தார்.

“அந்தக் குட்டியைத் திரும்பப் போடுங்க சார்.”

“இதென்ன பிரமாதம்?”

போட்டார். காதும் குளம்பும் பிசகாமல் ஒரு குட்டி வந்தது.

“இதுவா இருந்தது?”

“இது இல்ல.”

அழித்தார். வேண்டுமென்றே கோணலாகப் போட்டார். அதுவும் இல்லை. இடது கையால் போட்டுப் பார்த்தார். நெற்றி வியர்த்துவிட்டது.

“எனக்கு வரல டீச்சர்.”

“யாருக்கு வரும்?”

மாஸ்டர் நோட்டை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்து மற்ற பிள்ளைகள் வெளியே ஓடியதும், அந்தச் சின்ன பெஞ்சில் முட்டி இடிக்க இசக்கியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த ஆட்டுப் படத்தை விரித்து வைத்தார்.

“உன் குட்டியை நான் அழிச்சது தப்பும்மா. திரும்பப் போடப் பாத்தேன், முடியல. எப்படிப் போட்டே? எனக்குச் சொல்லித் தர்றியா?”

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த ரப்பரையே பார்த்தாள்.

மாஸ்டர் அதை எடுத்து நீட்டினார். வாங்கித் தன் பைக்குள் போட்டு மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் பென்சிலைத் தொட்டாள்.

“முதல்ல உருண்டையா போடணும் சார். காலை மடக்கிறணும். இல்லைன்னா இடம் பத்தாது.”

“சரி.”

“கண்ணு ஒரு கோடுதான்.”

“சரிம்மா.”

குட்டிக்கு அஞ்சு கால் இருந்தது. மாஸ்டருக்குக் கை அரித்தது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

குட்டி முழுசாக வந்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தனக்குப் படம் கற்றுக்கொடுத்த ஒருவரிடமும் அவர் இத்தனை நன்றியோடு நின்றதில்லை.

“ரொம்ப நன்றிம்மா!” என்றார், அறையே அதிர.

இசக்கியம்மாள் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா சார். இப்பத்தான் தூங்குது.”